தேடல் முடிவில் படமும் நட்சத்திரமும் எப்படி வருகின்றன? ஸ்கீமா மார்க்கப் பற்றி ஓர் எளிய அறிமுகம்

கூகுளில் ஒரு சமையல் குறிப்பைத் தேடிப் பாருங்கள். சில முடிவுகளில் பதார்த்தத்தின் படம் ஓரமாகத் தெரியும். அதன் அருகே மஞ்சள் நட்சத்திரங்கள், எத்தனை பேர் மதிப்பிட்டார்கள் என்ற எண்ணிக்கை, சமைக்க ஆகும் நேரம் எல்லாம் இருக்கும். அதற்கு அடுத்த முடிவோ ஒரு தலைப்பும் இரண்டு வரி உரையுமாக மட்டும் நிற்கும். அந்த இரண்டாவது பக்கத்திலும் நல்ல படம் இருக்கலாம், நேரமும் அளவும் கச்சிதமாக எழுதியிருக்கலாம். ஆனால் அதில் எது செய்முறை, எது நேரம், எது மதிப்பீடு என்பதைத் தேடுபொறிக்குப் புரிகிற விதத்தில் யாரும் சொல்லி வைத்திருக்க மாட்டார்கள். அப்படிச் சொல்லி வைக்கும் முறைக்குத்தான் ஸ்ட்ரக்சர்டு டேட்டா என்று பெயர். பேச்சுவழக்கில் ‘ஸ்கீமா போடுவது’ என்பார்கள்.

இது ஏன் தேவைப்படுகிறது? பூண்டுக் குழம்பு பற்றி நீங்கள் எழுதிய பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ‘புளியை 20 நிமிடம் ஊற வையுங்கள்’ என்று ஓரிடத்தில் இருக்கும். ‘எண்ணெய் பிரிந்து மேலே வர 30 நிமிடம் ஆகும்’ என்று இன்னோரிடத்தில் இருக்கும். ‘பூண்டை உரிக்கவே 15 நிமிடம் போய்விடும்’ என்று முன்னுரையில் எழுதியிருப்பீர்கள். படிக்கிறவருக்கு இதில் குழப்பமே இல்லை. இயந்திரத்துக்கு இவை மூன்றும் ‘நிமிடம்’ என்ற சொல்லோடு வரும் மூன்று எண்கள், அவ்வளவுதான். இன்றைய தேடுபொறிகள் நன்றாகவே ஊகிக்கின்றன. ஆனாலும் முடிவுப் பக்கத்தில் ‘45 நிமிடம்’ என்று தன் பொறுப்பில் அச்சிட, வெறும் ஊகத்தை விட உறுதியான ஒன்று அவற்றுக்கு வேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பது ஒரு கடிதம் என்றால், ஸ்கீமா என்பது அதோடு பின் குத்தி அனுப்பும் நிரப்பிய விண்ணப்பப் படிவம். பெயர் இந்தக் கட்டத்தில், நேரம் அந்தக் கட்டத்தில் என்று எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். பக்கத்தைப் பார்க்க வருகிறவர் கண்ணில் இந்தப் படிவம் படாது. பக்கத்தின் கோடுக்குள், அதாவது பின்னால் இருக்கும் நிரலுக்குள், அமைதியாக உட்கார்ந்திருக்கும்.

படிவம் என்றால் கட்டங்களின் பெயர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் அல்லவா? கூகுள் 2009 மே மாதத்திலேயே இப்படிப்பட்ட குறிப்புகளைப் படித்து, முடிவுகளில் நட்சத்திரம் காட்டத் தொடங்கிவிட்டது. ஆனால் அப்போது எந்தச் சொல்தொகுதியைப் பயன்படுத்துவது என்பதில் தளம் நடத்துபவர்களுக்குத் தெளிவு இல்லை. 2011 ஜூனில் கூகுள், மைக்ரோசாஃப்டின் பிங், யாஹூ ஆகிய போட்டியாளர்கள் மூவரும் சேர்ந்து ஸ்கீமா.ஆர்க் என்ற பொதுச் சொல்தொகுதியை வெளியிட்டார்கள். அதே ஆண்டின் இறுதிக்குள் ரஷ்யாவின் யாண்டெக்ஸும் சேர்ந்துகொண்டது. இந்த முயற்சியின் முக்கியப் புள்ளி ஆர்.வி. குஹா. சென்னை ஐஐடியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு அமெரிக்கா போய்க் கணினியியலுக்கு மாறியவர். தளத்தின் புதிய பதிவுகளைத் தானாகப் பிற இடங்களுக்குத் தரும், வலைப்பதிவர்களுக்கு நன்கு பழக்கமான ஆர்எஸ்எஸ் ஓடையின் தொடக்கத்திலும் அவர் பங்கு உண்டு. ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த நிறுவனங்கள் ஒரே சொல்தொகுதிக்கு ஒத்துக்கொண்டதை இணையத்தில் அபூர்வமாக நடந்த நல்ல காரியங்களில் ஒன்றாகவே நான் பார்க்கிறேன். ஒருமுறை எழுதினால் எல்லாத் தேடுபொறிக்கும் அது போதும்.

இந்தக் குறிப்புகளை எழுத மூன்று வடிவங்கள் இருக்கின்றன: மைக்ரோடேட்டா, ஆர்டிஎஃப்ஏ, ஜேசன்-எல்டி. முதல் இரண்டில், பக்கத்தின் எச்டிஎம்எல் கோடுக்கு நடுவே ஒவ்வொரு வரியிலும் குறிப்பைச் செருக வேண்டும். தீம் மாற்றினால் எல்லாம் கலைந்துவிடும். ஜேசன்-எல்டியில் எல்லாக் குறிப்பும் ஒரே தொகுப்பாகத் தனியே நிற்கும். 2014-ல் இணையத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி இதைத் தரநிலையாக ஏற்றது. கூகுள் பரிந்துரைப்பதும் இதைத்தான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் மற்ற இரண்டையும் கற்க வேண்டியதே இல்லை.

சரி, பூண்டுக் குழம்புப் பக்கத்துக்கு அது எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். கட்டங்களின் பெயர்களை உச்சரிக்கிறபடியே தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் கோடில் அவை ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும்.

"@கான்டெக்ஸ்ட்": ஸ்கீமா.ஆர்க் முகவரி,
"@டைப்": "ரெசிபி",
"நேம்": "பூண்டுக் குழம்பு",
"இமேஜ்": படத்தின் முழு முகவரி,
"ரெசிபியீல்டு": "4 பேருக்கு",
"பிரெப்டைம்": "பிடி15எம்",
"குக்டைம்": "பிடி30எம்",
"டோட்டல்டைம்": "பிடி45எம்",
"ரெசிபிஇன்கிரீடியன்ட்": ["பூண்டு 1 கப்", "நல்லெண்ணெய் 5 மேசைக்கரண்டி", "புளி எலுமிச்சை அளவு"]

இதை ஒரு ஜோடி வளைவு அடைப்புக்குள் வைத்து, வெளியே ஸ்கிரிப்ட் டேக் ஒன்றைச் சுற்ற வேண்டும். அதன் வகையாக ‘அப்ளிகேஷன்/எல்டி+ஜேசன்’ என்று ஆங்கிலத்தில் குறிப்பிட்டால் முடிந்தது. பக்கத்தின் தலைப்பகுதியிலும் வைக்கலாம், உடலிலும் வைக்கலாம், இரண்டும் ஒன்றுதான்.

முதல் இரண்டு வரிகள் நிரந்தரம். எந்தச் சொல்தொகுதி, அதில் எந்த வகை என்று அவை சொல்கின்றன. ரெசிபி வகையில் கூகுள் கட்டாயமாகக் கேட்பது பெயரும் படமும் மட்டுமே. மற்றவை இருந்தால் நல்லது என்ற பட்டியலில் வருபவை. ‘பிடி15எம்’ என்பதைப் பார்த்து மிரள வேண்டாம். கால அளவை எழுத உலகம் முழுக்க ஒரே மாதிரி வைத்திருக்கும் முறை அது. பி என்றால் கால அளவு, டி வந்தால் அடுத்து மணி, நிமிடக் கணக்கு வருகிறது என்று பொருள், எம் நிமிடம். ஒன்றரை மணி நேரத்தை ‘பிடி1ஹெச்30எம்’ என்று எழுதுவார்கள். ‘அரை மணி நேரம்’ என்று தமிழில் எழுதி வைத்தால் இந்தக் கட்டத்தில் செல்லாது.

அப்படியென்றால் தமிழ் எங்கே செல்லும்? பெயர், பொருட்கள், செய்முறை, விவரிப்பு என்று மனிதர் படிக்கிற மதிப்பு எல்லாவற்றையும் தாராளமாகத் தமிழில் தரலாம், தரவும் வேண்டும். யூனிகோடில் இருந்தால் போதும். பக்கம் தமிழில் இருக்க, ஸ்கீமாவில் மட்டும் ஆங்கிலத்தில் எழுதி வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது தேவையில்லை. ஆங்கில எழுத்துப் பெயரும் புழக்கத்தில் இருந்தால் அதற்கு ‘ஆல்டர்நேட்நேம்’ என்று தனிக் கட்டமே உண்டு. ‘இன்லேங்குவேஜ்’ என்ற கட்டத்தில் தமிழுக்கான இரண்டெழுத்துக் குறியீட்டைத் தந்துவிடலாம். எண்கள் மட்டும் 0 முதல் 9 வரையிலான வழக்கமான எண்களாக இருக்க வேண்டும், தமிழ் எண்கள் கூடாது. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுத வேண்டும், 2025-01-14 என்பது போல. விலை எழுதும்போது ரூபாய்க் குறியும் வேண்டாம், நடுவில் காற்புள்ளியும் வேண்டாம். 1,25,000 என்று பக்கத்தில் இருக்கலாம், ஸ்கீமாவில் 125000. நாணயத்துக்குத் தனிக் கட்டம் இருக்கிறது.

ஸ்கீமா.ஆர்க்கில் 800-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஆனால் தேடல் முடிவில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றமாகக் கூகுள் காட்டுவது அவற்றில் சிலவற்றை மட்டுமே. எனவே பட்டியலைப் பார்த்து மலைக்காமல், உங்கள் பக்கம் உண்மையில் என்னவாக இருக்கிறதோ அதை மட்டும் தேடுங்கள்.

கடையோ உணவகமோ வைத்திருப்பவர்களுக்கு ‘லோக்கல்பிசினஸ்’ என்ற வகையும் அதன் கிளைகளும் பொருந்தும். பெயரும் முகவரியும் கட்டாயம். தொலைபேசி, வேலை நேரம், வரைபடப் புள்ளி ஆகியவற்றைச் சேர்க்கலாம். வரைபடப் புள்ளியைத் தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கமாவது இருக்கும்படி தாருங்கள். வேலை நேரத்தில்தான் நம் ஊர்க் கடைகளுக்குச் சிக்கல் வரும். காலை 7 முதல் 11 வரை டிபன், மதியம் 12 முதல் 3 வரை சாப்பாடு, மறுபடி மாலை 6:30-க்குத் திறப்பு என்று நடக்கும் மெஸ்ஸுக்கு, ‘காலை 7 முதல் இரவு 10 வரை’ என்று ஒரே வரியில் போட்டுவிடுவார்கள். நாலு மணிக்கு வந்து பூட்டிய கதவைப் பார்க்கும் வாடிக்கையாளர் திரும்ப வர மாட்டார். வேலை நேரக் கட்டத்தை ஒரே நாளுக்கு மூன்று முறை தரலாம், ஒவ்வொன்றிலும் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் 24 மணிக் கணக்கில். ஞாயிறு விடுமுறை என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குத் திறக்கும் நேரம், மூடும் நேரம் இரண்டையும் 00:00 என்று தர வேண்டும். ஒன்று சொல்ல வேண்டும்: தெருவில் வாசல் உள்ள கடைக்கு, கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் கடையைக் காட்டும் இலவசப் பக்கமான கூகுள் பிசினஸ் புரொஃபைலில் விவரங்களைச் சரியாக வைத்திருப்பதே முதல் வேலை. ஸ்கீமா அதற்கு மாற்று அல்ல. இரண்டிலும் ஒரே நேரம், ஒரே தொலைபேசி எண் இருக்கட்டும்.

எழுதுகிறவர்களுக்கு ‘ஆர்ட்டிகல்’ அல்லது ‘பிளாக்போஸ்டிங்’. தலைப்பு, படம், வெளியான தேதி, திருத்திய தேதி, எழுதியவர். இந்த எழுதியவர் கட்டத்தில் பெயரை மட்டும் தர வேண்டும் என்பது கூகுளின் வழிகாட்டல். ‘எழுதியவர்:’ என்ற சொல்லும் வேண்டாம், ‘முனைவர்’, ‘திரு’ போன்ற அடைமொழியும் வேண்டாம். அவற்றுக்கு வேறு கட்டம் இருக்கிறது. இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் ‘மற்றும்’ போட்டு ஒரே பெயராக இணைக்காமல் இரண்டு ஆட்களாகத் தனித்தனியே தாருங்கள்.

நூல் வெளியீடு, இசைக் கச்சேரி மாதிரி நிகழ்வுகளுக்கு ‘ஈவென்ட்’. பெயர், தொடங்கும் நேரம், இடம் மூன்றும் கட்டாயம். நேரத்தோடு நேர மண்டலத்தையும் சேர்த்து எழுதுங்கள். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் +05:30, சிங்கப்பூருக்கு +08:00. பொருள் விற்பவர்களுக்கு ‘புராடக்ட்’. அதில் விலையும் இருப்பு நிலையும் முக்கியம்.

இதையெல்லாம் கையால் எழுத வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். வேர்ட்பிரஸில் யோஸ்ட், ரேங்க் மேத் போன்ற பிளகின்கள் (தளத்தில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு மென்பொருள்கள்) கட்டுரைக்கான அடிப்படைக் குறிப்புகளைத் தாமே போட்டுவிடும். சமையல் தளங்களுக்கு டபிள்யூபி ரெசிபி மேக்கர் போல, படிவத்தை நிரப்பினால் கோடாக மாற்றித் தரும் பிளகின்கள் உண்டு. பிளாகரில் எழுதுகிறவர்கள் பதிவின் எச்டிஎம்எல் பார்வைக்குப் போய் ஸ்கிரிப்டை ஒட்டலாம். ஒட்டுவதற்கு முன்னால், ஏற்கனவே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. தீம் ஒன்று, பிளகின் ஒன்று, கையால் எழுதியது ஒன்று என மூன்றும் ஒரே பக்கத்துக்கு மூன்று விதமான தேதியும் பெயரும் சொல்லிக்கொண்டிருக்கும் தளங்கள் நிறைய.

பார்ப்பதற்கு இரண்டு இலவசக் கருவிகள் இருக்கின்றன. கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட், உங்கள் பக்கம் எந்தச் சிறப்புத் தோற்றத்துக்குத் தகுதி பெறும் என்று காட்டும். ஸ்கீமா.ஆர்க்கின் வேலிடேட்டர், கூகுள் கண்டுகொள்ளாத வகைகள் உட்பட எல்லாவற்றையும் இலக்கணச் சோதனை செய்யும். முகவரியைத் தரலாம், அல்லது கோடை நேரடியாக ஒட்டலாம். சிவப்பில் வருவது பிழை, திருத்தியே ஆக வேண்டும். மஞ்சளில் வருவது எச்சரிக்கை: ‘கலோரி அளவு தரப்படவில்லை’ என்பது போன்ற விருப்பக் கட்டங்கள். மஞ்சளை ஒழிப்பதற்காகத் தெரியாத கலோரியைக் கற்பனையாக எழுதி வைக்காதீர்கள். விட்டுவிடலாம்.

சிவப்புக்குப் பெரும்பாலும் காரணம் மிகச் சின்னதாக இருக்கும். வேர்டிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி ஒட்டும்போது நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறிவிடும். பார்க்க அழகாக இருக்கும், கோடு அங்கேயே உடைந்துவிடும். கடைசி வரிக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி மிஞ்சியிருந்தாலும் அப்படித்தான். செய்முறை வாக்கியத்துக்குள்ளேயே மேற்கோள் குறி வந்தால், ‘"பதம்" வரும் வரை கிளறவும்’ என்பது போல, இயந்திரம் அங்கேயே வாக்கியம் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். அந்தக் குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும், அல்லது குறியையே எடுத்துவிட வேண்டும். நோட்பேட் மாதிரி எளிய எடிட்டரில் எழுதினால் பாதித் தொல்லை குறையும்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: ஸ்கீமா போட்டால் முதல் பக்கத்துக்கு வந்துவிடுவோமா? வர மாட்டீர்கள். தரவரிசையை உயர்த்தும் காரணியாக இதைக் கூகுள் சொல்வதில்லை. குறிப்பு பிழையில்லாமல் இருந்தாலும் சிறப்புத் தோற்றம் நிச்சயம் வரும் என்று உத்தரவாதமும் தருவதில்லை. ஸ்கீமா செய்வது, ஏற்கனவே வந்திருக்கும் இடத்தில் உங்களை இன்னும் தெளிவாகக் காட்டுவது. அதனால் அதிகம் பேர் தட்டலாம். கூகுள் தன் ஆவணங்களில் சில நிறுவனங்களின் அனுபவத்தைத் தந்திருக்கிறது: ராட்டன் டொமேட்டோஸ் என்ற திரைப்பட விமர்சனத் தளம் ஒரு லட்சம் பக்கங்களில் சேர்த்தபோது, சேர்க்காத பக்கங்களை விட 25% அதிகமாகத் தட்டினார்கள், நெஸ்லேவில் சிறப்புத் தோற்றம் பெற்ற பக்கங்களுக்கு மற்றவற்றை விட 82% அதிகம். இந்த எண்களை அப்படியே உங்களுக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள். சிறப்புத் தோற்றம் கிடைத்த பக்கங்கள் மற்ற வகையிலும் நல்ல பக்கங்களாக இருந்திருக்கக்கூடும். திசை சரி, அளவு உங்கள் தளத்தைப் பொறுத்தது.

‘ஸ்கீமா போட்டு ரேங்க் ஏற்றித் தருகிறோம்’ என்று சிறு வியாபாரிகளிடம் பணம் வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. நல்ல பிளகின் ஒன்றும் ஒரு மதிய நேரமும் இருந்தால் முடிகிற வேலை இது.

இதில் மீறக் கூடாத விதி ஒன்றே ஒன்று: பக்கத்தில் வாசகர் பார்க்க முடியாத எதையும் ஸ்கீமாவில் சொல்லக் கூடாது. பக்கத்தில் மதிப்பீடே இல்லாமல் கோடில் மட்டும் ‘4.9, 312 பேர்’ என்று எழுதுவது ஏமாற்று. கண்டுபிடித்தால் கூகுள் உங்கள் தளத்தின் மேல் கைமுறை நடவடிக்கை, அதாவது அதன் ஆட்களே பார்த்து விதிக்கும் தண்டனை, எடுக்கும். சிறப்புத் தோற்றத்துக்கான தகுதி போய்விடும். பக்கம் தேடலில் இருக்கும், ஆனால் மொட்டையாக. தன் கடைக்குத் தன் தளத்திலேயே நட்சத்திரம் போட்டுக்கொள்வதும் எடுபடாது. லோக்கல்பிசினஸ், ஆர்கனைசேஷன் வகைகளுக்கு அப்படிப்பட்ட நட்சத்திரங்களைக் காட்டுவதை 2019 செப்டம்பரிலேயே கூகுள் நிறுத்திவிட்டது.

இதோடு தொடர்புள்ள இன்னொரு வரலாறும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேள்வி-பதில் பகுதிக்கான ‘எஃப்ஏக்யூபேஜ்’ வகையைப் போட்டால், ஒரு காலத்தில் முடிவில் நம் பக்கத்துக்குக் கீழே கேள்விகள் விரிந்து, திரையில் பெரிய இடம் பிடித்தன. விளைவு, எல்லாப் பக்கத்திலும் யாரும் கேட்காத நான்கு கேள்விகள் முளைத்தன. 2023 ஆகஸ்டில் கூகுள் அதை நன்கு அறியப்பட்ட அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. படிப்படியாகச் செய்யும் முறைக்கான ‘ஹவ்டூ’ தோற்றம் அடுத்த மாதமே முழுவதும் போனது. 2025 ஜூனில் மேலும் ஏழு வகைகளை நிறுத்துவதாக அறிவித்தார்கள். உண்மைச் சரிபார்ப்புக்கான ‘கிளெய்ம்ரிவ்யூ’வும் அதில் ஒன்று. பழைய வீடியோவைப் பார்த்து ‘எஃப்ஏக்யூ போடுங்கள்’ என்று யாராவது அறிவுரை சொன்னால், அந்த வீடியோவின் தேதியை முதலில் பாருங்கள். கேள்வி-பதில் வாசகருக்கு உண்மையிலேயே உதவும் என்றால் தாராளமாக எழுதுங்கள், தேடல் தோற்றத்துக்காக எழுத வேண்டாம்.

தோற்றங்கள் வரும், போகும். ஆனால் குறிப்புகளைப் படிப்பது தேடல் பட்டியல் மட்டும் அல்ல. கூகுளை விட்டு மைக்ரோசாஃப்டுக்குப் போன குஹா, 2025 மே மாதத்தில் என்எல்வெப் என்ற திட்டத்தை அறிமுகப்படுத்தினார். ஒரு தளத்திடம் சாதாரணப் பேச்சில் கேள்வி கேட்டுப் பதில் பெறும் வசதி அது. தளங்களில் ஏற்கனவே இருக்கும் ஸ்கீமா.ஆர்க் குறிப்புகளையும் ஆர்எஸ்எஸ் ஓடையையும் கொண்டுதான் அது இயங்குகிறது. வேலை நேரமும் விலையும் தெளிவாகக் குறிக்கப்பட்ட பக்கத்துக்கு இது போன்ற இடங்களிலும் பயன் இருக்கும் என்பது என் எண்ணம்.

தொடங்குவதற்கு, உங்கள் தளத்தில் அதிகம் பேர் வரும் ஒரே ஒரு பக்கத்தை எடுங்கள். பொருத்தமான வகையைச் சேர்த்து, சோதித்து, பிழை இல்லை என்று உறுதி செய்தபின், தளம் நடத்துபவர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் அந்த முகவரியைக் கொடுத்து மறுபடி படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கூகுள் வந்து பார்த்துப் போக நாட்கள் ஆகலாம், வாரங்களும் ஆகலாம். பிறகு செயல்திறன் அறிக்கையில் அந்தப் பக்கத்துக்கு முந்தைய மாதமும் பிந்தைய மாதமும் எத்தனை முறை தோன்றியது, எத்தனை பேர் தட்டினார்கள் என்று ஒப்பிடலாம். அந்தக் காலத்தில் தலைப்பையோ படத்தையோ மாற்றாமல் வைத்திருங்கள். மாற்றினால் எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது. விலையோ நேரமோ மாறும்போது மட்டும் பக்கத்திலும் ஸ்கீமாவிலும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள்.